உலை, கலன், வாய்க்கால்: நுண்தட வேதிவினைத் தொழில்நுட்பமும் அதற்கான தமிழ்க் கலைச்சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

வேதிப்பொருள்களைப் பெருங்கலன்களில் ஆக்குவதற்கு மாற்றாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடைய வாய்க்கால்களில் ஓடவிட்டு ஆக்கும் முறை 1990களிலிருந்து வளர்ந்து வந்துள்ளது. இம்முறையின் இயங்குநெறியை விளக்குவதும், அவ்விளக்கத்தின் அடிப்படையில் ‘உலை’, ‘கலன்’ ஆகிய சொற்கள் இதற்குப் பொருந்துமா என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். தமிழ்ப் பாசன மரபின் சொற்கள் சில இத்துறைக்கு நேரே பயன்படக்கூடியவை என்பது இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நுண்வாய்க்கால், வினைக்கலன், வெப்ப உமிழ்வினை, எண்ணிக்கைப் பெருக்கம், கடைமடை, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

ஒரு கலைச்சொல்லை ஆக்குவதற்கு முன் அச்சொல் சுட்டும் பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிதல் வேண்டும். இதை மறுப்பார் இலர். எனினும் கலைச்சொல்லாக்கம் பற்றிய நம் ஆய்வுரைகள் பலவும் சொல்லின் வேர், புணர்ச்சி, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா என்னும் வழக்கு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன; பொருளுக்குள் புகுவதில்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் காலந்தொட்டு, 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய சாத்திரச் சொல் முயற்சி ஊடாக, இன்றைய பாடநூல் சொற்கள் வரை, நிலைத்து நின்ற சொற்களை நோக்கினால், அவற்றை ஆக்கியோர் பொருளை நன்கு அறிந்திருந்தமை விளங்கும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள், ஆங்கிலத்தில் ‘மைக்ரோசேனல் ரியாக்டர்’ எனப்படும் கருவி. சாயங்கள், மருந்துகளின் இடைநிலைப் பொருள்கள், வெடிபொருள்கள், செயற்கை எரிபொருள்கள் முதலியவற்றைத் தொழில் அளவில் ஆக்குவதற்கு இது பயன்பட்டு வருகிறது. ‘ரியாக்டர்’ என்றதும் தமிழில் நம் நாவில் முதலில் எழுவது ‘உலை’ என்பதே; அணு உலை என்னும் தொடர் அச்சொல்லை அவ்வளவு நிலைபெறச் செய்துவிட்டது. வேதியியலார் ‘வினைக்கலன்’ என்பர். இவ்விரண்டும் இக்கருவிக்குப் பொருந்தா என்பது என் கருத்து. ஆனால் அக்கருத்தை இக்கருவியின் இயக்கத்தை விளக்கிய பின்னரே நிறுவ இயலும். ஆதலின் கட்டுரையின் பெரும்பகுதி இயக்க விளக்கமாகவே அமைகிறது.

பெருங்கலனும் வெப்பமும்

வேதித் தொழிலில் பழமையானதும் இன்றும் பரவலாக உள்ளதுமான கருவி, கிளறி பொருத்திய பெருங்கலன் ஆகும். வினைபடுபொருள்களை அதனுள் இட்டுக் கிளறுவர். கலனைச் சுற்றியுள்ள உறையின் வழியே நீரையோ உப்புக் கரைசலையோ செலுத்திச் சூடேற்றுவர் அல்லது குளிர்விப்பர். வினை முடிந்ததும் வடித்தெடுத்து, கலனைக் கழுவி, மீண்டும் தொடங்குவர். அடுப்பில் பானை ஏற்றிச் சோறாக்குவதன் பேருருவமே இது.

இம்முறையின் இடர், சிறிதாகச் செய்ததைப் பெரிதாகச் செய்யும்போது தோன்றுகிறது. ஆய்வகத்தில் அரை லிட்டர் குடுவையில் நன்கு நிகழ்ந்த வினை, ஆலையில் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் கலனில் அவ்வாறே நிகழ்வதில்லை. காரணம் வடிவியல் சார்ந்தது. ஒரு கலனின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் பத்து மடங்காக்கினால் அதன் மேற்பரப்பு நூறு மடங்காகும். கனஅளவோ ஆயிரம் மடங்காகும். வினையில் பிறக்கும் வெப்பம் கனஅளவைப் பொறுத்தது. அவ்வெப்பம் வெளியேறும் வழியோ மேற்பரப்பு. ஆகவே கலன் பெருகப் பெருக, ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் வெளியேறும் வழி குறுகிக்கொண்டே போகிறது.

வெப்பத்தை உமிழும் வினைகளில் இது வெறும் சிக்கனக் கேள்வி அன்று. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலாரின் கைக்கணக்கு. வேகம் கூடினால் வெப்பம் கூடுகிறது. வெப்பம் கூடினால் வேகம் மேலும் கூடுகிறது. குளிர்விப்போ வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்ற அளவில் மட்டுமே உயர்கிறது. ஒரு கட்டத்திற்குப் பின் குளிர்விப்பு வெப்பத்தைப் பிடிக்க இயலாமல் பின்தங்கிவிடும். அதன்பின் நிகழ்வது கட்டுமீறிய வினை. கொதிப்பு, அழுத்தம், சில வேளைகளில் வெடிப்பு.

இதற்கு ஆலைகள் கண்ட பழைய தீர்வு, பொறுமை. வினைபடுபொருள்களுள் ஒன்றைத் துளித்துளியாக மணிக்கணக்கில் சேர்ப்பர். கலனை உறைநிலைக்குக் கீழே குளிர்வித்து வைப்பர். கரைப்பானை மிகுதியாக ஊற்றி வினையை நீர்க்கச் செய்வர். வினை தன் இயல்பால் சில வினாடிகளில் முடியக்கூடியதாயினும், கலனின் இயலாமை அதை ஐந்து மணி நேரத்திற்கு நீட்டுகிறது. அந்த நீண்ட நேரத்தில் விளைபொருள் வினைபடுபொருளோடு ஒரே கலனில் கிடந்து வேண்டாத துணைவினைகளுக்கு உள்ளாகிறது. வேதியியல் நூல்கள் கூறும் வினைவேகம் பலவிடங்களில் ஆலையில் வெளிப்படுவதே இல்லை.

நுண்வாய்க்காலில் நிகழ்வன

கருவியின் பிறப்பு வரலாறு சற்று விந்தையானது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வு மையத்தில் 1980களின் தொடக்கத்தில், யுரேனியத்தின் ஓரிடத்தான்களைப் பிரிப்பதற்கான மிக நுண்ணிய குழல்முனைகளைச் செய்யும் பொருட்டு, எக்ஸ் கதிரைக் கொண்டு உலோக நுண்ணமைப்புகளை ஆக்கும் முறை ஒன்று உருவாக்கப்பட்டது. அணுவாற்றலுக்காகப் பிறந்த அக்கைத்திறன் அந்நாட்டில் வேதியியலுக்கு இடம்பெயர்ந்தது. 1990இல் மைன்ஸ் நகரில் நுண்தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டது. 1997இல் பிராங்ஃபர்ட்டில் இத்துறையின் முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகமும் அதே காலத்தில் இத்துறையில் உழைத்தது.

கருவியின் அமைப்பு எளிது. மெல்லிய உலோகத் தகடுகளில், அமிலத்தால் அரித்தோ நுண்கருவியால் செதுக்கியோ, இணையிணையான தடங்களை ஆக்குவர். அத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உருகுநிலைக்குக் கீழான உயர்வெப்பத்தில் வைத்து அழுத்துவர். பற்றாசோ பசையோ இல்லாமல், தகடுகளின் அணுக்களே எல்லை கடந்து ஒன்றோடொன்று கலந்து பிணைகின்றன. முடிவில் கிடைப்பது பார்வைக்கு ஓர் உலோகக் கட்டி. உள்ளேயோ ஆயிரக்கணக்கான வாய்க்கால்கள். ஓர் அடுக்கில் வினைபடுபொருள் ஓட, அடுத்த அடுக்கில் குளிர்நீர் ஓடும். இரண்டுக்கும் இடையே தாள் போன்ற உலோகச் சுவர் மட்டுமே. அரிப்பு மிக்க பொருள்களுக்காகக் கண்ணாடியிலும் சிலிக்கான் கார்பைடிலும் இக்கருவிகள் செய்யப்படுகின்றன.

இனி எண்களுக்கு வருவோம். உருளை வடிவக் குழாயில், பக்கப்பரப்புக்கும் கனஅளவுக்கும் உள்ள விகிதம், நான்கை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாயில் ஒவ்வொரு கனமீட்டருக்கும் 4 சதுர மீட்டர் பரப்பே உண்டு. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள வாய்க்காலில் ஒவ்வொரு கனமீட்டருக்கும் 8000 சதுர மீட்டர் உண்டு. இரண்டாயிரம் மடங்கு. பிறக்கும் வெப்பம் பிறந்த இடத்திலிருந்து கால் மில்லிமீட்டர் கடந்தால் சுவரை அடைந்துவிடும். வினை எவ்வளவு கடுமையானதாயினும் வெப்பம் தேங்க இடமில்லை.

அடுத்தது கலத்தல். இங்கே ஓர் எதிர்பாராத இடர் உண்டு. 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்சு மான்செஸ்டரில் செய்த ஆய்வுகளிலிருந்து, குழாயில் ஓடும் நீர்மம் எப்போது வரிச்சீராக ஓடும், எப்போது சுழித்து ஓடும் என்பது அறியப்பட்டது. ரெனால்டு எண் ஏறத்தாழ 2000க்குக் கீழ் இருந்தால் ஓட்டம் வரிச்சீரானது. அரை மில்லிமீட்டர் வாய்க்காலில் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நீருக்கு இந்த எண் வெறும் 50. அதாவது, நுண்வாய்க்காலில் சுழிப்பே இல்லை. இரு நீர்மங்களை அருகருகே விட்டால், அவை இரு நிற நூல்கள் போலக் கலவாமல் பக்கம் பக்கமாக ஓடும்.

அப்படியாயின் கலப்பது எவ்வாறு? மூலக்கூறுகளின் தன்னியல்பான விரவலால் மட்டுமே. விரவலுக்கு ஆகும் காலம் தொலைவின் இருமடியைப் பொறுத்தது. சாதாரணக் கரைசலில் ஒரு மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் விரவ ஒரு நாளுக்கும் மேலாகும். 0.1 மில்லிமீட்டர் விரவ ஏறத்தாழப் பத்து வினாடி போதும். 0.01 மில்லிமீட்டருக்கு வினாடியின் பத்தில் ஒரு பங்கு. ஆகவே நுண்கலப்பிகள் ஒவ்வொரு நீர்மத்தையும் பல மெல்லிய ஏடுகளாகப் பிரித்து, ஒன்றன் ஏட்டுக்கிடையே மற்றதன் ஏட்டைச் செருகி ஓடவிடுகின்றன. இரு கைகளின் விரல்களைக் கோப்பது போன்றது இது. பெருங்கலனில் கிளறி வலிந்து செய்ததை இங்கே தொலைவைக் குறைத்தே நிகழ்த்திவிடுகின்றனர்.

மூன்றாவது, காலம். பெருங்கலனில் வினைநேரம் கடிகாரத்தால் அளக்கப்படுவது. நுண்வாய்க்காலில் அது நீளத்தால் அளக்கப்படுவது. நீர்மம் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளிவர எவ்வளவு நேரமோ அதுவே வினைநேரம். வாய்க்காலின் நீளத்தையும் ஓட்டத்தின் வேகத்தையும் மாற்றி அதை வினாடிக் கணக்கில் வரையறுக்கலாம். விளைபொருள் பிறந்தவுடன் அவ்விடம் நீங்கி ஓடிவிடுகிறது. துணைவினைக்கு உட்பட அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. காலமாக இருந்தது இடமாக மாறுகிறது என்று இதனைக் கூறலாம். கலைச்சொல் பற்றிய பகுதியில் இக்கருத்து மீண்டும் தேவைப்படும்.

டார்ம்ஸ்டாட்டில் ஓர் ஒப்பீடு

இவையனைத்தும் கொள்கையளவில் சரி. ஆலையில் என்ன நிகழ்ந்தது என்பதே முதன்மையான வினா. இத்துறை நூல்களில் மிகுதியும் எடுத்தாளப்படும் சான்று, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டு நகரில் மெர்க் நிறுவனம் நிகழ்த்திய ஓர் உலோகக்கரிம வினை. அங்குப் பெறப்பட்ட எண்கள் மேலே கூறிய விளக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டிவிடுகின்றன.

அரை லிட்டர் குடுவையில், உறைநிலைக்குக் கீழே 40 பாகையில், அரை மணி நேரத்தில் இவ்வினை 88 விழுக்காடு விளைச்சல் தந்தது. அதையே 6000 லிட்டர் ஆலைக்கலனில் செய்தபோது, உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் ஐந்து மணி நேரம் ஆயிற்று. விளைச்சல் 72 விழுக்காடாகச் சரிந்தது. பெரிதாக்கியதற்கு இழந்த 16 விழுக்காடும் கழிவாகவும் பிரித்தெடுக்கும் செலவாகவும் ஆயிற்று. நுண்வாய்க்காலில், உறைநிலைக்குக் கீழே வெறும் 10 பாகையில், பத்து வினாடிக்கும் குறைந்த நேரத்தில் விளைச்சல் 95 விழுக்காடு. 1998இல் சற்று அகன்ற தடங்களைக் கொண்ட ஐந்து சிறு கருவிகளை இணையாக இயக்கி உற்பத்தியை நிகழ்த்தியபோது அது 92 விழுக்காடாக இருந்தது.

இதில் வியப்புக்குரியது விளைச்சல் மட்டுமன்று. ஐந்து மணி நேரத்தில் 6000 லிட்டர் என்பது, கழுவும் நேரத்தையும் நிரப்பும் நேரத்தையும் விட்டுவிட்டால், மணிக்கு 1200 லிட்டர். பத்து வினாடியில் முடியும் வினைக்கு அதே மணிக்கு 1200 லிட்டர் ஓட வேண்டுமாயின், வாய்க்கால்களின் மொத்தக் கொள்ளளவு மூன்றரை லிட்டருக்கும் குறைவாக இருந்தால் போதும். ஆறாயிரம் லிட்டர்க் கலன் செய்ததை ஒரு தண்ணீர்ச் செம்பின் கொள்ளளவு செய்யக்கூடும் என்பது கணக்கின் முடிவு. நடைமுறையில் செறிவும் அழுத்தமும் வேறு காரணிகளும் இடையிடும். எனினும் அளவின் தரம் இதுவே.

2005இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் உள்ள ஆலையொன்றில், கார்ல்ஸ்ரூ மையம் உருவாக்கிய நுண்வாய்க்கால் கருவி ஒன்று இயங்கியது. நிக்கல் கலப்புலோகத்தால் ஆனது. 65 சென்டிமீட்டர் நீளமும் 290 கிலோகிராம் எடையும் உடையது. மணிக்கு 1700 கிலோகிராம் நீர்மத்தைக் கையாண்டது. ‘நுண்’ என்னும் அடைமொழி வாய்க்காலுக்கு உரியதே அன்றி விளைச்சலின் அளவுக்கு உரியதன்று என்பதற்கு இது போதிய சான்று.

தலைமடையும் கடைமடையும்

ஒரு வாய்க்காலில் நன்கு நிகழும் வினையை ஆலை அளவுக்குக் கொண்டுசெல்ல, வாய்க்காலைப் பெரிதாக்கலாகாது. பெரிதாக்கினால் பழைய இடர்கள் திரும்பிவிடும். அதே அளவுள்ள வாய்க்கால்களை எண்ணிக்கையில் பெருக்க வேண்டும். முன்னையதை ‘அளவுப் பெருக்கம்’ எனவும் பின்னையதை ‘எண்ணிக்கைப் பெருக்கம்’ எனவும் இங்கு வழங்கலாம். பெரிய பானைக்கு மாறாகப் பத்தாயிரம் சிறு குழல்கள் என்னும் இக்கோட்பாடே இத்தொழில்நுட்பத்தின் பெருமை. அதன் பெருந்துன்பமும் இதுவே.

பத்தாயிரம் வாய்க்கால்களிலும் ஒரே அளவு நீர்மம் ஓட வேண்டும். ஒன்றில் மிகுந்தால் அங்கே வினை முடியாமலே வெளியேறும். மற்றொன்றில் குறைந்தால் அங்கே வினை அளவுக்கு மீறி நிகழ்ந்து கழிவு மிகும். இங்கே இயற்பியல் இரக்கமற்றது. வரிச்சீராக ஓடும் குழலில், ஒரே அழுத்தத்தின் கீழ் ஓடும் நீர்மத்தின் அளவு விட்டத்தின் நான்மடியைப் பொறுத்தது. ஒரு வாய்க்கால் பிறவற்றைவிட 10 விழுக்காடு குறுகியிருந்தால் அதில் ஓட்டம் 34 விழுக்காடு குறைந்துவிடும். அரை மில்லிமீட்டரில் 10 விழுக்காடு என்பது 50 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்கு நிகரானது. தகடு செதுக்குவோரின் கைத்திறன் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும்.

வாய்க்கால்கள் அனைத்தும் ஒத்த அளவின என்றே கொண்டாலும் இடர் தீர்வதில்லை. அவற்றுக்கு நீர்மத்தைப் பங்கிட்டுத் தரும் பெருந்தடத்தின் தொடக்கத்தில் அழுத்தம் மிகுந்தும் கடைசியில் குறைந்தும் இருக்கும். முதலில் உள்ள வாய்க்கால்கள் நிரம்பப் பெறும். கடைசியில் உள்ளவை வாடும். இந்நிலையைக் கூறத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. தலைமடை, கடைமடை என்னும் இரு சொற்களைக் காவிரிப் படுகையின் உழவர் எவரும் அறிவர். கடைமடைக்கு நீர் வந்து சேரவில்லை என்பது ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களில் படிக்கும் தொடர். கருவிக்குள் நிகழ்வதும் அதே அழுத்தக் குறைவு. ஓடுவது நீரா நைட்ரிக் அமிலமா என்பது மட்டுமே வேறு.

தீர்வுகளும் பாசனத்தின் தீர்வுகளை ஒத்தவையே. ஒன்று, பங்கிடும் தடத்தை மிக அகலமாக்கி அதன் தடையைக் குறைத்து, ஒவ்வொரு வாய்க்காலின் வாயிலும் ஒடுக்கம் ஒன்றை அமைத்துத் தடையைக் கூட்டுவது. அப்போது பெருந்தடத்தின் தொலைவு வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாகாமல் போகும். மற்றொன்று, ஒரு தடத்தை இரண்டாக, இரண்டை நான்காக, நான்கை எட்டாக, மரக்கிளை போலப் பிரித்து, ஒவ்வொரு நுனிக்கும் ஒரே நீளப் பாதை அமையுமாறு செய்வது. சோழர் காலக் கல்வெட்டுகளில், இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என நிலத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் மரபைக் கல்வெட்டு ஆய்வாளர் அறிவர். வாய்க்காலிலிருந்து கண்ணாறு, கண்ணாற்றிலிருந்து வயல் எனப் படிநிலையாக நீரைப் பங்கிடும் அமைப்பின் மொழி அது. கிளைத்தடம் ஒன்றைக் குறிக்கக் ‘கண்ணாறு’ என்பதைக் காட்டிலும் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. வழக்கிழந்த சொல்லுக்கு இது மறுவாழ்வாகவும் அமையும்.

அடைப்பு

இத்தொழில்நுட்பத்தைப் புகழ்வோர் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். வினையில் திண்மப்பொருள் சிறிதளவு படிந்தாலும், வினைபடுபொருளில் தூசி இருந்தாலும், அரை மில்லிமீட்டர்த் தடம் மூடிக்கொள்ளும். பெருங்கலனில் படிந்ததை ஆள் இறங்கிச் சுரண்டலாம். பிணைத்து மூடிய உலோகக் கட்டிக்குள் எதை விடுவது? அடைபட்ட வாய்க்கால் எது என்றுகூட வெளியிலிருந்து அறிவது அரிது. மேலும், ஒன்று அடைந்தால் அதன் பங்கு மற்றவற்றுக்குப் போய் அவற்றின் வினைநேரத்தையும் மாற்றும். வினைபடுபொருள்களை நுண்வடிகட்டியில் வடித்தே உட்செலுத்துவதும், கரைப்பானைக் கொண்டு அவ்வப்போது அலசுவதும் வழக்கம். டார்ம்ஸ்டாட்டில் உற்பத்திக் கருவியின் தடம் ஆய்வுக் கருவியின் தடத்தைவிட அகன்றிருந்ததை மேலே குறிப்பிட்டேன். தொழில் அளவில் இயங்குவன பலவும் இவ்வாறு நுண்மைக்கும் நடைமுறைக்கும் இடையே இசைந்து கொண்டவையே.

வினையூக்கியைச் சுவரில் பூசிய கருவிகளில், அவ்வூக்கி செயலிழந்தால் மாற்றுவது கடினம். மெதுவாக, மணிக்கணக்கில் தன்னியல்பாகவே நிகழும் வினைகளுக்கு இம்முறையால் பயனில்லை. வாய்க்கால் முடிவின்றி நீள வேண்டியிருக்கும். வெப்பம் உமிழாத, கட்டுக்குள் அடங்கிய, மலிவான பொருளை ஆக்கப் பழைய பெருங்கலனே இன்றும் சிறந்தது. செயற்கை எரிபொருள் துறையில் இதன் வரலாறு கலவையானது. கரி ஓராக்சைடையும் ஹைட்ரஜனையும் நீர்ம எரிபொருளாக்கும் ஃபிஷர்–டிராப்ஷ் வினை மிகுந்த வெப்பம் உமிழ்வது. ஆதலின் நுண்வாய்க்காலுக்கு ஏற்றது. அமெரிக்காவின் ஓக்லகோமா நகரில் குப்பைக்கிடங்கை அடுத்து இவ்வகை ஆலை ஒன்று 2017இல் எரிபொருள் தந்தது. அடுத்த ஆண்டே அதன் இயக்கம் நிறுத்தப்பட்டது.

தேக்கமும் ஓட்டமும்

எனினும் இத்தொழில்நுட்பத்தின்பால் நம் நாட்டினர் கவனம் செலுத்த வலுவான காரணம் ஒன்று உண்டு. அது விளைச்சல் சார்ந்ததன்று.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபாலின் பூச்சிக்கொல்லி ஆலையில் ஒரு தொட்டிக்குள் நீர் புகுந்தது. அத்தொட்டியில் ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட்டு தேக்கி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே கட்டுமீறிய வினை எழுந்து, நச்சு ஆவி உறங்கிக்கொண்டிருந்த நகரின்மேல் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இங்குக் கருதத்தக்கது யாதெனில், மெத்தில் ஐசோசயனேட்டு அந்த ஆலையின் விற்பனைப் பொருள் அன்று. பூச்சிக்கொல்லியை ஆக்கும் வழியில் இடையே தோன்றும் பொருள். பின்னர்ப் பயன்படுத்துவதற்காகவே அது தேக்கப்பட்டது.

பிரிட்டனில் 1974இல் ஃபிளிக்ஸ்பரோ ஆலை வெடித்து 28 பேர் இறந்ததன் பின், டிரெவர் கிளெட்சு என்னும் வேதிப்பொறியாளர் ஒரு கோட்பாட்டை வலியுறுத்தி வந்தார். இடர்ப்பொருளைக் காக்க மேலும் மேலும் காப்புக்கருவிகளைச் சேர்ப்பதைவிட, அப்பொருளின் இருப்பையே குறைப்பது நன்று. ஆலையில் இல்லாத பொருள் கசிய இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம். நுண்வாய்க்கால் அக்கோட்பாட்டுக்குக் கிடைத்த கருவி. எடுத்துக்காட்டுக்காகக் கணக்கிட்டால், மணிக்கு 1700 கிலோகிராம் ஓடும் கருவியில் பொருள் பத்து வினாடி மட்டும் தங்குமாயின், எந்த நொடியிலும் உள்ளே இருப்பது ஐந்து கிலோகிராமுக்கும் குறைவு. இடைநிலை நச்சுப்பொருளை ஒரு வாய்க்காலில் ஆக்கி, அடுத்த வாய்க்காலிலேயே செலவிட்டுவிடலாம், தொட்டி தேவையில்லை. சுவர் உடைந்தாலும் வெளிவருவது ஒரு குடத்தளவு. போபாலில் தவறியது வினைக்கலன் அன்று, சேமிப்புத் தொட்டி என்பது உண்மையே. ஆனால் தொட்டியைத் தேவையாக்கியது பகுதி பகுதியாக ஆக்கித் தேக்கும் முறைதான்.

நைட்ரோகிளிசரின் இதற்கு இன்னொரு சான்று. 1864இல் ஸ்டாக்ஹோமில் அதை ஆக்கும்போது நேர்ந்த வெடிப்பில் ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமில் இறந்தார். அப்பொருளே நெஞ்சுவலிக்கு மருந்துமாகும். சீனாவின் சியான் நகரில், மைன்ஸ் நிறுவனத்தின் துணையோடு, மருந்துக்குரிய நைட்ரோகிளிசரினை மணிக்குச் சில கிலோகிராம் அளவில் நுண்வாய்க்காலில் ஆக்கும் ஆலை 2005 அளவில் அமைக்கப்பட்டது. எரியும் வளிமங்களுக்கும் இத்தகைய காப்பு உண்டு. 1815இல் ஹம்ஃபிரி டேவி சுரங்க விளக்கைக் கம்பிவலையால் சூழ்ந்தபோது கண்டறிந்த உண்மை, சிறு துளைக்குள் சுடர் நுழையாது என்பது. சுவர் வெப்பத்தை உறிஞ்சி அதை அணைத்துவிடுகிறது. இயல்பான அழுத்தத்தில் ஹைட்ரஜன்–காற்றுக் கலவைக்கு அந்த எல்லை ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். அழுத்தம் கூடினால் எல்லை மேலும் சுருங்கும் என்பதை வடிவமைப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

சொல்

இனிக் கலைச்சொல்லுக்கு வருவோம். ‘உலை’ என்பது கொல்லனின் உலைக்களத்தையும் சோறாக்க ஏற்றும் உலைநீரையும் ஒருங்கே சுட்டும் பழஞ்சொல். இரண்டிலும் பொதுவாக இருப்பது வெப்பத்தைத் தேக்கி வைத்தல். நாம் விளக்கிய கருவியோ வெப்பத்தைத் தேங்கவிடாமையையே தன் உயிராகக் கொண்டது. ஆகவே ‘நுண்ணுலை’ என்பது பொருளுக்கு நேர்மாறான சொல். அணு உலையோடு தொடர்புபடுத்தித் தேவையற்ற அச்சத்தையும் அது எழுப்பும்.

‘கலன்’, ‘கலம்’ ஆகியவை ஏந்துவதைக் குறிப்பன. உண்கலம், மட்கலம், தானியத்தை அளக்கும் கலம், கடலில் செல்லும் கலம் ஆகிய அனைத்திலும் ஒன்றை உள்ளடக்கித் தாங்குதல் உண்டு. நுண்வாய்க்கால் எதையும் தாங்கி வைப்பதில்லை. அதனுள் நிற்பது எதுவுமில்லை. ‘நுண்கலன்’ என்றால் கற்பவர் மனத்தில் எழும் உருவம் மிகச் சிறிய கிண்ணம் ஒன்று. அந்த உருவத்தோடு வினைநேரம் நீளத்தால் அளக்கப்படுவதையோ கடைமடைச் சிக்கலையோ விளக்க முடியாது.

‘கால்’ என்னும் சொல் நீரோடும் தடத்தைக் குறிப்பது. ஆதலின் ‘வினைக்கால்’ என ஆக்கலாமோ எனக் கருதினேன். சுருக்கம், ஓசை இரண்டிலும் அது சிறந்தது. ஆனால் செய்தக்கால், வந்தக்கால் எனப் பழந்தமிழில் பயின்றுவரும் ஈற்றை அறிந்தவர்க்கு அச்சொல் தடுமாற்றம் தரும். கால் என்பதற்கு உறுப்பு, காற்று, நாலில் ஒன்று எனப் பிற பொருள்களும் உள்ளன. ஆகவே ‘வினைவாய்க்கால்’ என்பதை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. அளவைச் சுட்ட வேண்டிய இடத்து ‘நுண் வினைவாய்க்கால்’. ‘தடம்’ என்னும் சொல்லும் பிழையன்று. எனினும் அது சென்றதன் சுவட்டையும் சுட்டுவதால், ஓடிக்கொண்டிருப்பதை வாய்க்கால் போல உணர்த்துவதில்லை. இதை அடியொற்றிப் பங்கிடும் பெருந்தடத்தைத் ‘தலைவாய்க்கால்’ எனவும், கிளையைக் ‘கண்ணாறு’ எனவும், வாயிலின் ஒடுக்கத்தை ‘மடை’ எனவும், பங்கீட்டுக் குறையைக் ‘கடைமடைக் குறை’ எனவும் வழங்கலாம்.

ஒரு தடை எஞ்சியுள்ளது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘வினை’ எனக் கூறுவதை இலங்கைப் பாடநூல்கள் ‘தாக்கம்’ எனக் கூறுகின்றன. வினையூக்கி அங்கு ஊக்கி. யாழ்ப்பாணத்து மாணவருக்கு ‘வினைவாய்க்கால்’ என்பதைவிடத் ‘தாக்கவாய்க்கால்’ என்பதே உடனே விளங்கும். முன்னொட்டு மாறினும் ‘வாய்க்கால்’ இரு நாட்டிலும் ஒன்றே. அங்கும் நெல்வயலுக்கு நீர் அவ்வழியேதான் போகிறது.